அத்தான் ஒட்டிய கொப்பரை

பாபநாசத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனால் ‘ஸ்ரீ வீரனார் வெல்டிங் ஒர்க்ஸ்’ என்று ஒரு பலகை தொங்கும். கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்துதான் தொங்கும். அதைச் செய்து மாட்டியவர்தான் அந்தப் பட்டறைக்கு முதலாளி, மேஸ்திரி, தொழிலாளி எல்லாம். பெயர் வீரையன். என் அக்கா அம்சவல்லியின் வீட்டுக்காரர், எனக்கு அத்தான். அத்தானைக் கிண்டல் பண்ணுவது மச்சினியின் உரிமை. கிடைத்த உரிமையை வீணாக்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆகையால் இந்த மனிதரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுகிற பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன். வேறு யாரும் எழுதப் போவதுமில்லை.

என் பெயர் எழில்மொழி. அக்காவுக்கு அம்சவல்லி, தங்கைக்கு எழில்மொழியா என்று ஆச்சரியப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். அக்கா பிறந்தபோது பெயர் வைத்தது எங்கள் அம்மா. நான் பிறப்பதற்குள் அப்பா மேடைப் பேச்சு கேட்கப் பழகிவிட்டார்.

அத்தான் நல்ல வெல்டர். சும்மா சொல்லக் கூடாது. ஆர்க் வெல்டிங்கில் இரும்பும் இரும்பும் அவர் கையில் ஒட்டினால் அப்புறம் பிரிக்க முடியாது. அவர் செய்த கேட்டு எதுவும் இதுவரை உடைந்ததில்லை. திறந்ததும் அபூர்வம்தான். சக்கராப்பள்ளியில் ஒரு வாத்தியார் வீட்டில் அத்தான் போட்ட கேட்டைத் திறக்க ரெண்டு ஆள் வேண்டும் என்பதால், அந்த வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டு வழியாகத்தான் போய் வருகிறார்கள். பாதுகாப்பு என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று அத்தான் சொல்வார்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலை தொடங்கினாலும் அக்கா வந்து மஞ்சளைக் குழைத்துத் தடவி, அதன்மேல் குங்குமம் வைக்க வேண்டும். கேட்டோ, ஜன்னல் கிரில்லோ, களத்துமேட்டுக்குப் போடுகிற தகரக் கொட்டகையோ, எதுவானாலும் முதல் பொட்டு அக்கா கையால்தான். தொழில் தொடங்கிய புதிதில் அக்கா ஊரில் இல்லாத நாளில் அத்தான் ஒரு கேட்டைத் தானாகவே செய்து மாட்டினார். அது அன்று சாயங்காலமே சாய்ந்து, அந்த வீட்டு மாப்பிள்ளை புதிதாக வாங்கிய பைக்கின் மேல் படுத்துக்கொண்டது. கொக்கியை ஒழுங்காக ஒட்டவில்லை என்பது என் கருத்து. பொட்டு வைக்கவில்லை என்பது ஊரின் கருத்து. ஊரோடு சண்டை போட முடியுமா?

அக்காவும் நானும் கல்யாணச் சமையல் செய்கிறவர்கள். வெகுகாலம் ஒரு பெரிய சமையல்காரரிடம் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தோம். அக்காவின் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். அந்த வயிற்றெரிச்சலில்தான் அக்கா தனியாகப் பாத்திரம் பண்டம் வாங்க ஆரம்பித்தாள். அதில் முதலில் வாங்கியது ஒரு எவர்சில்வர் இட்லிக் கொப்பரை. கும்பகோணத்தில் சொல்லிச் செய்தது. அடுக்கடுக்காகத் தட்டு வைத்து, துணி போட்டு இட்லி வார்த்தால் ஒரு ஈட்டிலேயே ஒரு பந்திக்குத் தேறும். அக்காவுக்கு அது இன்னொரு பிள்ளை மாதிரி. பெற்ற பிள்ளைகளைக்கூட அவள் அப்படித் தேய்த்துக் குளிப்பாட்டியதில்லை.

ஒருமுறை ரசக் குண்டானின் மூடியில் கைப்பிடி விட்டுப்போனது. நான் இருக்கும்போது என்ன கவலை என்று அத்தான் அதை வாங்கிக்கொண்டு போனார். கேட்டுக்குப் போடுகிற அதே ராடால் ஒட்டிக்கொண்டு வந்தார். ஒட்டியது என்னவோ உண்மைதான். ஆனால் ஒரு எலிக்குஞ்சு அங்கே உட்கார்ந்து செத்துப்போனது போல ஒரு கட்டி. ஒரு மாதத்தில் அது துருப்பிடித்து, ஒரு வளைகாப்பு வீட்டில் ரசத்தில் செம்பழுப்பாகச் சொட்டியது. சாப்பிட உட்கார்ந்த ஒரு பெரியம்மா, இது என்ன புது மாதிரி ரசம் என்று சத்தமாகக் கேட்டார். அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

“இனிமே என் பாத்திரத்துல நீங்க கைய வைக்கக் கூடாது.”

அதிலிருந்து எந்தப் பாத்திரம் ஓட்டையானாலும் தஞ்சாவூரில் கரந்தைப் பக்கம் ஒரு கடைக்குத்தான் போகும். அந்தக் கடைக்காரரிடம் எவர்சில்வர் ஒட்டுகிற டிக் மிஷின் இருந்தது. ஒரு நாள் அக்கா இட்லித் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்போது கண்டக்டர் கேட்டுவிட்டார், ஏம்மா, வீட்லயே வெல்டிங் பட்டறை வச்சிருக்கீங்க, இதுக்குத் தஞ்சாவூருக்கா போறீங்க என்று. பஸ்ஸே சிரித்தது. அந்தச் செய்தி பஸ் பாபநாசத்தைத் தாண்டுவதற்கு முன்னாலேயே டீக்கடை வழியாக அத்தான் காதுக்கு வந்து சேர்ந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. அத்தான் சாப்பிடாமல் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். மனுஷன் நிஜமாகவே நொந்துபோயிருந்தார். எனக்கே பாவமாக இருந்தது. இருந்தாலும் அவர் பங்குக் கருவாட்டுக் குழம்பை நான்தான் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் மயிலாடுதுறையில் பட்டறையை மூடிய ஒருவரிடமிருந்து பழைய டிக் மிஷின் ஒன்றைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கூடவே மனிதர் உயரத்துக்கு ஒரு ஆர்கான் கேஸ் சிலிண்டர். தெருவே கூடியது. இனிமேல் எவர்சில்வர் வேலைக்குத் தஞ்சாவூர் போகத் தேவையில்லை என்று அத்தான் அறிவித்தார். கண்டக்டர் காதில் விழட்டும் என்று ரெண்டு தடவை அறிவித்தார். அக்கா உள்ளேயிருந்து வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் அத்தானுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும்.

வித்தை சொல்லிக்கொடுக்க யூனுஸ் இருந்தார். ராஜகிரிக்காரர், அத்தானோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். வளைகுடாவில் பல வருஷம் குழாய் ஒட்டிவிட்டு வந்து, இப்போது மொபைல் கவர் விற்கிறார். வெல்டிங் பட்டறைப் பக்கமே வர மாட்டார். வெயில் ஆகாதாம். எல்லாப் பாடமும் போனில்தான். அத்தான் ஒரு கையில் வெல்டிங் டார்ச்சும் ஒரு கையில் போனுமாக நிற்பார். யூனுஸ் அங்கே கடையில் ஒருவருக்குக் கவர் மாட்டிக்கொண்டே இங்கே இவருக்கு வழி சொல்வார். சமயத்தில் ரெண்டும் கலந்துவிடும்.

முதல் நாள் மிஷினை ஓட விட்டதுமே டார்ச்சின் முனையில் இருந்த டங்ஸ்டன் ஊசி உருகி மிட்டாய் போல உருண்டையானது. புது ஊசி மாட்டினார். அதுவும் உருண்டை. மயிலாடுதுறைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அத்தான் ஆரம்பித்தார். கடைசியில் யூனுஸ் விசாரித்துப் பார்த்தால், ஆர்க் மிஷினில் செய்வது போலவே டார்ச்சை பிளஸ்ஸில் மாட்டியிருக்கிறார். டிக்கில் டார்ச் மைனஸில் இருக்க வேண்டும், எர்த் பிளஸ்ஸில். இத்தனை வருஷம் செய்ததற்கு நேர் எதிர். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அக்கா சொன்னதைக்கூட அவர் அவ்வளவு சீக்கிரம் மாற்றிக்கொண்டதில்லை, இதை அன்றைக்கே மாற்றிக்கொண்டார்.

அப்புறம் ஆம்பியர். கேட்டுக் கம்பிக்கு வைக்கிற ஆம்பியரை அத்தான் எவர்சில்வர் தகட்டுக்கு வைத்தார். தகடு ஒட்டவில்லை, ஓட்டையானது. ஓட்டையை அடைக்கப் போனார், பெரிய ஓட்டையானது. தகடு எவ்வளவு மெல்லிசோ அவ்வளவுக்குக் குறைக்க வேண்டும் என்று யூனுஸ் சொல்லச் சொல்ல, நூறிலிருந்து எண்பது, எண்பதிலிருந்து அறுபது என்று, சொத்தைப் பாகம் பிரிக்கிறவர் போல மனசே இல்லாமல் இறங்கி வந்து நாற்பத்தைந்தில் நின்றார். தகடு அன்றைக்குத்தான் தகடாக மிஞ்சியது.

ஊசி முனை உருகிய குழம்பில் பட்டால் அவ்வளவுதான், கெட்டுவிடும். கழற்றி, பென்சில் சீவுகிற மாதிரி நீளவாக்கில் கிரைண்டரில் தீட்டி மறுபடி மாட்ட வேண்டும். அத்தானுக்குப் பொறுமை என்பது பக்கத்து ஊர்ச் சரக்கு. ஒரு விரல் நீளம் ஒட்டுவதற்குள் ஊசியைப் பத்து இடத்தில் முக்குவார். ஒரு நாள் முழுக்க அவர் ஒட்டியதைவிடத் தீட்டியதுதான் அதிகம். அந்த நேரத்துக்கு அம்மி கொத்தியிருந்தால் ஊரில் உள்ள அம்மியெல்லாம் முடிந்திருக்கும்.

பிறகு மின்விசிறி. வெயிலுக்குப் பட்டறையில் ஒரு ராட்சச விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். டிக்கில் அந்த ஆர்கான் கேஸ்தான் உருகும் இடத்தைக் காற்றுப் படாமல் மூடிக் காவல் காக்கிறது. விசிறி அதை அப்படியே பக்கத்துச் சைக்கிள் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒட்டின இடமெல்லாம் புழு அரித்த கத்தரிக்காய் மாதிரி பொத்தல். கேஸைக் கூட்டினார். இன்னும் மோசமானது. கூட்டினாலும் கேஸ் சுழன்று காற்றை உள்ளே இழுத்துவிடுமாம். சிலிண்டரில் பாதி காலியான பிறகுதான் விசிறியை நிறுத்தலாம் என்ற யோசனை அந்த மூளைக்கு வந்தது.

வீட்டில் தட்டு, தம்ளர் எல்லாம் காணாமல் போக ஆரம்பித்தன. எவர்சில்வர் துண்டு தீர்ந்துபோனால் அத்தான் சமையல்கட்டுக்குள் நுழைந்துவிடுவார். ஒரு நாள் நான் காபி குடிக்கத் தம்ளரை எடுத்தால், கூடவே இன்னொரு தம்ளரும் வந்தது. ரெண்டையும் முதுகோடு முதுகாக ஒட்டிவைத்திருந்தார். நான் அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் காபி குடித்தேன்.

ஆனால் பொய் சொல்லக் கூடாது, அந்தத் தம்ளரில் ஒட்டின தையல் நன்றாக இருந்தது. கறுப்பு இல்லை, பொத்தல் இல்லை. புது வைக்கோல் நிறத்தில் பளிச்சென்று சின்னச் சின்ன அலையாக ஓடியது. அந்த நிறம் வந்தால்தான் சரியான ஒட்டு என்று யூனுஸ் சொல்லியிருந்தாராம். ஒட்டி முடித்ததும் டார்ச்சை வெடுக்கென்று தூக்காமல், கேஸ் நிற்கும்வரை அங்கேயே பிடித்துக்கொண்டு இருக்கவும் பழகியிருந்தார். இத்தனை மாதத்தில் அத்தான் எதற்காகவும் சும்மா நின்று நான் பார்த்தது அதற்கு மட்டும்தான். அவர் அதை அக்காவிடம் காட்டவில்லை. அக்காவாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தார். அக்கா கேட்கவில்லை.

இப்படியிருக்கும்போது அக்காவுக்கு முதல் முதலாகத் தனிக் காண்ட்ராக்ட் கிடைத்தது. ஆவணி முகூர்த்தம், பாபநாசத்து மண்டபம், மாப்பிள்ளை வீடு மயிலாடுதுறை. காலை டிபனிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரை மொத்தமும் அம்சவல்லி பொறுப்பு. இது நன்றாக முடிந்தால் தை, மாசிக்கெல்லாம் ஆள் தேடி வரும். சொதப்பினால் மறுபடியும் பழைய சமையல்காரரிடம் போய் வெங்காயம் உரிக்க வேண்டியதுதான். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். தூக்கத்தில்கூட மளிகை லிஸ்ட் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கொப்பரையைத் தண்ணீர் ஊற்றி வெள்ளோட்டம் பார்த்தாள். அடியும் சுவரும் சேருகிற விளிம்பில் விரிசல். தண்ணீர் சொட்டிச் சொட்டி அடுப்பே அணைந்தது. தஞ்சாவூர் கடைக்குப் போன் போட்டால், அவர் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போயிருக்கிறார், திருவிழா முடிந்துதான் திரும்புவாராம். வாடகைப் பாத்திரக் கடையில் அந்த முகூர்த்தத்துக்கு ஒரு கொப்பரை மிச்சமில்லை. கும்பகோணத்தில் புதிதாகச் செய்து தர ஒரு மாதம் ஆகுமாம். அக்கா போனை வைத்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தான் வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார். மறுபடியும் கனைத்தார். மூன்றாவது தடவை கனைத்தபோது அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

நேராகக் கொப்பரையைக் கொடுத்துவிடுவாளா? முதலில் அதே கனத் தகட்டில் ஒரு துண்டை என் கண் முன்னால் ஒட்டிக் காட்டுங்கள், பிறகு பார்ப்போம் என்றாள். அத்தானுக்கு வாயெல்லாம் பல். மறுநாள் பட்டறையைக் கூட்டி, விசிறியை நிறுத்தி, ஊசியைத் தீட்டி எல்லாம் தயார். அக்கா வந்தாள். இது வேலையாயிற்றே. மஞ்சளைக் குழைத்து, ரெண்டு தகடும் சேருகிற கோட்டின் நடுவில் தடவி, அதன்மேல் குங்குமம் வைத்தாள். நோய் எங்கேயோ அங்கேதானே மருந்து தடவ வேண்டும் என்பது அவள் கணக்கு.

நல்ல தொடக்கமாக இருக்கட்டும் என்று அத்தான் பொட்டிலேயே டார்ச்சை வைத்தார். சடசடவென்று பொரிந்தது. புகை, கறுப்பு, பொத்தல். ஊசி முனை கரியாகிவிட்டது. அன்றைக்குத் தம்ளரைத் தங்கமாக ஒட்டிய அதே கை. அக்கா ஒரு நிமிஷம் அதைப் பார்த்துவிட்டு மாவு அரைக்கப் போய்விட்டாள்.

அக்காவைப் பார்த்துக் கை நடுங்கிவிட்டது என்றேன் நான். அத்தானும் அப்படித்தான் நினைத்தார். ஊரில் எந்தப் புருஷனுக்கும் புரிகிற காரணம்தான். இருந்தாலும் ராத்திரியெல்லாம் மிஷினின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். ஆம்பியரை ஏற்றினார், இறக்கினார், கேஸைக் குறைத்தார், புது ஊசி மாட்டினார். யூனுஸ் போனையே அணைத்துவிட்டார். தனியாக ஒட்டினால் வைக்கோல் நிறம். மறுநாள் அக்கா வந்தாள், பொட்டு வைத்தாள், மறுபடியும் அதே பொரியல். என் கை ராசியும் உங்களுக்குச் சேரவில்லை போலிருக்கிறது என்று அக்கா சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் அத்தானுக்கு வலித்தது. அக்கா மண்டபத்துக்காரரிடம் போய் இட்லிக்குப் பதில் உப்புமா போடலாமா என்று கேட்டுவரப் புறப்பட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்கு உப்புமாவா?

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பின பிறகு, அவள் பொட்டு வைத்துவிட்டுப் போன இன்னொரு துண்டு மேஜைமேல் கிடந்தது. அத்தான் அதை எடுத்தார். ஆரம்பிக்கிற இடத்தில்தான் கெடுகிறது, ஆரம்பம் பழகவில்லை போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, இந்தத் தடவை தகட்டின் கடைக்கோடியிலிருந்து தொடங்கினார். நான் பக்கத்தில் நின்று கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு சாண் தூரம் அழகாக ஓடி வந்தது. நடுவுக்கு வந்ததும் சடசட. பொட்டைத் தாண்டினதும் மறுபடி சரியாகிவிட்டது. அத்தான் முகமூடியைத் தூக்கிவிட்டு, மஞ்சள் கருகிக் கிடந்த அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் விளங்கியது.

நான் ஓடிப்போய் அக்காவிடம் சொல்லத் தயாராகிவிட்டேன். இப்பேர்ப்பட்ட செய்தி வாழ்க்கையில் எத்தனை தடவை கிடைக்கும்?

“நீ சொன்னா அது கிண்டலாயிரும் எழிலு. அவ மனசு ஒடிஞ்சிரும். நானே சொல்றேன்” என்றார் அத்தான்.

சொல்வதாகச் சொன்னாரே தவிர, சொல்லவில்லை. அக்கா மண்டபத்திலிருந்து வந்தாள், உப்புமாவுக்கு மண்டபத்துக்காரர் முகம் சுளித்ததைச் சொன்னாள். அத்தான் தண்ணீர் குடித்தார். அக்கா அரிசியை ஊறப் போட்டாள். அத்தான் மறுபடியும் தண்ணீர் குடித்தார். கேட்டு விழுந்தபோதுகூட அவ்வளவு பயப்படாத மனுஷன். எனக்குப் பொறுமை போய்விட்டது. தகட்டை எடுத்து அவர் கையில் திணித்தேன். அதை நீட்டிக்கொண்டே, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

அக்கா முகம் மாறியது. இத்தனை வருஷமாக வைத்த பொட்டுக்கு இப்போது மட்டும் என்ன வந்தது என்று கேட்டாள். அத்தான் விளக்கினார். ஆர்க் ராடின் மேல் மருந்துப் பூச்சு இருக்கிறது, அது முரடு, துருவோ பெயிண்டோ பொட்டோ எல்லாவற்றையும் எரித்து மேலே தள்ளிவிடும். டிக்கில் அந்த மருந்து கிடையாது. வெறும் கேஸ்தான் காவல். விரல் பட்ட ஈரம்கூட அதற்கு ஆகாது.

“அப்ப என் குங்குமம் அழுக்குங்கிறீங்களா?”

நான் ரெண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன். அத்தான் தகட்டில் கருகியிருந்த இடத்தின்மேல் விரலை வைத்தார்.

“நெத்தில இருந்தா குங்குமம். ஒட்டுற இடத்துல இருந்தா அழுக்குதான் வல்லி.”

இந்த மனிதர் கல்யாணமானதிலிருந்து பேசிய பேச்சையெல்லாம் ஒரு தட்டிலும் இதை ஒரு தட்டிலும் வைத்தால் இதுதான் கனக்கும். அக்கா எதையாவது எடுத்து எறியப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் போய்க் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு வந்து பட்டறை மேஜைமேல் டொம்மென்று வைத்தாள். எப்படித் துடைக்க வேண்டும் என்று கேட்டாள். முந்தானையை எடுத்து விரிசலருகே கொண்டுபோனாள். அத்தான் அவள் கையைப் பிடித்துவிட்டார். முந்தானையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், வேண்டாம் என்றார். ஒரே நாளில் ரெண்டாவது தடவை அவளிடம் அழுக்கு என்கிறார். இந்த ஆளுக்கு இன்று நேரம் சரியில்லை என்று முடிவே கட்டிவிட்டேன்.

புது வெள்ளைத் துணியும் அசிட்டோனும் கொடுத்தார். நகப்பூச்சு அழிக்கிற வாசனை பட்டறை முழுக்க. அக்கா துடைக்க ஆரம்பித்தாள். பாத்திரம் தேய்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அத்தான் வெளிப்பக்கம் மட்டும் போதும் என்றிருந்தார். அக்கா கொப்பரையைக் கவிழ்த்து, உள்ளே தலையை விட்டு, விரிசலின் உள்பக்கம் ஒட்டியிருந்த பழைய மாவுக் காரையை மூங்கில் குச்சியால் சுரண்டி எடுத்தாள். இது இருந்தால் பொரியாதா என்று கேட்டாள். பொரியும் என்று அத்தான் ஒப்புக்கொண்டார். அவருக்கு அது தோன்றவே இல்லை.

எல்லாம் முடிந்து அக்கா குங்குமச் சிமிழோடு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கொப்பரையில் வைக்கக் கூடாது, டார்ச்சில் வைக்கக் கூடாது. கடைசியில் அத்தான் நெற்றியில் வைத்தாள். கோபத்தில் கொஞ்சம் பெரிதாகவே வைத்துவிட்டாள். விசிறி இல்லாத வெக்கையில், முகமூடிக்குள் அது வியர்வையோடு வழிந்து மூக்கு நுனி வரைக்கும் வந்தது. அத்தான் துடைக்கவில்லை. ஆம்பியர் நாற்பத்தைந்து. உள்பக்கம் காற்றுப் படாமல் டேப் ஒட்டி அங்கேயும் கேஸ் விட்டார். பென்சில் பிடிக்கிற மாதிரி டார்ச்சைப் பிடித்து, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு விளிம்பைச் சுற்றி வந்தார். முடிந்ததும் கேஸ் நிற்கும்வரை அசையாமல் நின்றார். முகமூடியைத் தூக்கினபோது சிவப்பு மூக்கோடு கூத்துக்காரன் மாதிரி இருந்தார். நான் சிரிக்கவில்லை. விளிம்பு முழுக்க வைக்கோல் நிறம்.

கொப்பரை நிறையத் தண்ணீர் ஊற்றி, அடியில் பேப்பரை விரித்து வைத்தோம். விடிந்து பார்த்தபோது பேப்பர் காய்ந்த பேப்பராகவே இருந்தது. அக்கா அதைத் தடவிப் பார்த்தாள். திருப்பிப் போட்டும் தடவிப் பார்த்தாள். சரி, எடுத்துப் போவோம் என்றாள். சபாஷ், நன்றி, அசத்திட்டீங்க என்று எதுவும் கிடையாது. அத்தான் எதிர்பார்த்திருந்தார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

கல்யாணத்தன்று விடியற்காலையில் மண்டபத்தின் பின்கட்டில் கொப்பரை அடுப்பேறியது. அத்தானை யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை மாதம் ஊர் பூராவும் அளந்த பெருமையெல்லாம் எங்கே போனதோ. மண்டியிட்டு, கொப்பரைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். எழுந்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார். சொட்டுவது போலிருக்கிறதா என்று என்னைக் கேட்டார். அது வெளியில் வழிந்த ஆவித் தண்ணீர் என்றேன். நம்பவில்லை, விரலால் தொட்டுச் சுட்டுக்கொண்டார். முதல் ஈடு இறங்கியது. மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். இட்லி போய்க்கொண்டே இருந்தது. அத்தான் வேட்டியெல்லாம் கரியாக, அடுப்பைச் சுற்றித் தவழ்ந்துகொண்டிருந்தார். ஒழுகினால் என்ன செய்வது என்று முணுமுணுத்தபடியே இருந்தார். பெருமை பேசும்போது தெரியவில்லை, அந்த ஆள் தன் கையை அன்றைக்கு வரை துளிகூட நம்பவில்லை.

அக்கா அடுத்த ஈட்டுக்குத் துணி நனைத்துக்கொண்டிருந்தாள். கொப்பரையை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அங்க என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கீங்க? அது ஒழுகாதுங்க. வாங்க, வந்து தேங்காயத் துருவுங்க.”

அத்தான் எழுந்து வந்து துருவியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சட்னிக்குத் தேவையானதற்கு மேல் துருவிக்கொண்டே இருந்தார், நான்தான் போதும் என்று தேங்காய் மூடியைப் பிடுங்க வேண்டியிருந்தது.